ஒரு தமிழ்ச் சபை தன் தரிசனத்தை எழுதியபோது

கோலாலம்பூரில் உள்ள தமிழ்ச் சபைகள் பலவற்றின் முன்சுவரில், புத்தாண்டு ஆராதனையில் வழங்கப்பட்ட வாக்குத்தத்த வசனம் ஆண்டு முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும். அண்மைக் காலமாக அதற்கு அருகில் இன்னொரு பதாகையும் இடம்பிடித்திருக்கிறது. சபை எதை நோக்கிப் போகிறது என்று சொல்லும் மூன்று நான்கு வரிகள் ‘எங்கள் தரிசனம்’ என்ற தலைப்பின் கீழ், ஓரத்தில் உதயசூரியன் அல்லது இரட்டைக் கோபுரம். முதல்முறை வருகிறவர்கள் அதை ஒருமுறை வாசிப்பார்கள்; மற்றவர்கள் பார்ப்பதே இல்லை. எங்கள் சபையிலும் அப்படியொன்று இருந்தது. அதை இறக்கிவிட்டுப் புதிதாக எழுதுவதென்று செயற்குழு தீர்மானித்தபோது, அந்தப் பணிக்கென அமைக்கப்பட்ட சிறு குழுவில் என்னையும் சேர்த்தார்கள். விசுவாசத்தில் வேரூன்றுவது, வெளியே இருப்பவர்களிடம் நற்செய்தியைக் கொண்டுசெல்வது ஆகிய இரண்டையும் சபையார் அனைவரும் ஒரே மனதாக ஏற்றுக்கொள்ளும்படி எழுதித் தரவேண்டும் என்பதே எங்களுக்கு இடப்பட்ட கட்டளை. அந்தக் குழுவில் நடந்த நீண்ட உரையாடல்களில் எனக்கு உறுதிப்பட்டதை இங்கே எழுதுகிறேன். இந்நகரத்துத் தமிழ்ச் சபையின் நற்செய்திப் பணி என்பது பெரும்பாலும் சொந்தக்காரர்களிடமும் எதிர்வீட்டாரிடமும் செய்யவேண்டிய பணி. ஆகவே அதைப் படையெடுப்பைப்போலத் திட்டமிட முடியாது, அப்படித் திட்டமிடவும் கூடாது.

பழைய பதாகையின் வாசகம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ‘இந்நகரைக் கிறிஸ்துவுக்காகச் சுதந்தரித்தல்’, அதாவது உரிமையாக்கிக்கொள்ளுதல், என்று அது தொடங்கியது. வெளிநாட்டுப் பெருஞ்சபை ஒன்றின் மாநாட்டுக்குப் போய்வந்த யாரோ கொண்டுவந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். அத்தகைய வாசகங்களில் நகரம் எப்போதும் வேதாகமத்தில் வரும் மதில் சூழ்ந்த எரிகோ பட்டணமாகவே தோன்றும். சபை அதைச் சுற்றிவந்து எக்காளம் ஊதும். அதில் வாழும் மனிதர்களுக்கு முகம் இருக்காது. இதற்கு ஆதாரமாக எல்லாரும் எடுத்துக்காட்டும் வசனம், தீர்க்கதரிசனமில்லாத இடத்தில் ஜனங்கள் சீர்கெட்டுப்போவார்கள் என்னும் நீதிமொழிகள் 29:18. அதே வசனம் வேதத்தைக் காக்கிறவனைப் பாக்கியவான் என்று சொல்லித்தான் முடிகிறது. அந்தப் பிற்பாதியை எந்தச் சபையின் பதாகையிலும் நான் கண்டதில்லை.

நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதைப் பேசாமல் எங்கே போகிறோம் என்று எழுத முடியவில்லை. மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் கணிசமானோரின் முன்னோர், கப்பலில் ஏறும்போதே கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து தொடங்கும் லுத்தரன் மரபு, கடல்கடந்து கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை வந்து 1924இல் சீயோன் ஆலயமாக நின்றது. யாழ்ப்பாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெஸ்லியன் மிஷனரிகளும் அமெரிக்க மிஷனரிகளும் நடத்திய பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்கள், மலாயா இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் வந்து, தங்கள் பாட்டுப் புத்தகங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1885இல் வில்லியம் ஓல்டாம் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்ட் பணி, சில ஆண்டுகளிலேயே தமிழர்களிடையேயும் பரவியது. கோலாலம்பூரில் 1896இல் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியும் 1897இல் ஆண்கள் பள்ளியும் எழுந்தன. திருநெல்வேலியிலிருந்து வந்த ஆங்கிலிக்கர்களும், கத்தோலிக்கத் தமிழர்களும் தத்தம் ஆலயங்களில் தமிழ் வழிபாட்டை நிலைநிறுத்தினார்கள்.

இந்த வரலாற்றைப் பெருமையாகச் சொல்வது எங்கள் வழக்கம். அதில் கவனிக்கப்படாத ஒன்று இருக்கிறது. இச்சபைகளில் பல, ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்த புலம்பெயர்ந்தவர்களைச் சேர்த்துவைப்பதற்காகப் பிறந்தவை. அந்நிய மண்ணில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடவும், இறந்தவரை மரியாதையோடு அடக்கம் செய்யவும் ஓர் இடம் தேவைப்பட்டது, அதற்காகக் கட்டினார்கள். சேர்த்துவைப்பதில் அவை இன்றளவும் கெட்டிக்காரத்தனம் உள்ளவை. வெளியே போவதற்கென ஒரு தனி மனிதர் இருந்தார். அவருக்கு உபதேசியார் என்று பெயர். மிதிவண்டியில் தோட்டந்தோட்டமாகப் போய், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்து, நோயாளிக்காக ஜெபித்து, ஞாயிறு மாலை மரத்தடியிலோ தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலோ ஆராதனை நடத்தியவர் அவர். சபையார் காணிக்கை கொடுத்து அவரை அனுப்பினார்கள். அனுப்பியதோடு தங்கள் கடமை முடிந்ததென்றும் எண்ணிக்கொண்டார்கள்.

உபதேசியார் போன தோட்டங்களில் பல இன்று இல்லை. தலைநகரைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் கடந்த சில பதிற்றாண்டுகளில் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறின. புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த நிலத்தில்தான் 1998 காமன்வெல்த் போட்டிகளுக்கான தேசிய விளையாட்டரங்கம் நிற்கிறது. தோட்டத்து மக்கள் எங்கே போனார்கள் என்றால், நகரத்துக்கு உள்ளேயும் ஓரத்திலும் இருக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குத்தான். உபதேசியார் மிதிவண்டி மிதித்துப் போய்ச் சந்தித்த மனிதரின் பேரன், இப்போது ஆலயத்திலிருந்து சில நிமிடத் தொலைவில், பதினாறாவது மாடியில், பாதி நேரம் மின்தூக்கி இயங்காத கட்டடத்தில் குடியிருக்கிறான். அவனைத் தேடிப்போக எங்களிடம் உபதேசியாரும் இல்லை, திட்டமும் இல்லை.

குழுவின் வேலை உண்மையில் நகரத் தொடங்கியது, நெகேமியாவின் புத்தகத்தை வாசித்தபோது. இரண்டாம் அதிகாரத்தில் நெகேமியா யாருக்கும் அறிவிக்காமல் இரவில் எழுந்துபோய் எருசலேமின் இடிந்த மதிலைச் சுற்றிப் பார்க்கிறான், பார்த்தபின்தான் பேசுகிறான். மூன்றாம் அதிகாரத்தில் வேலை நடக்கிறது. வாசிக்கச் சலிப்பூட்டும் பெயர்ப்பட்டியல் என்று பிரசங்கிகள் தாண்டிப்போகும் அதிகாரம் அது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது: பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைப் பழுதுபார்த்தார்கள். எங்கள் குழுவில் இருந்த ஓர் ஆசிரியை இதைக் கேட்டவுடன், “அப்படியானால் முதலில் நம் சபையார் ஒவ்வொருவரின் வீட்டுக்கு எதிரே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுவோமே” என்றார். ஒரு தாளில் நான்கு கேள்விகள் அச்சிட்டு ஆராதனைக்குப்பின் கொடுத்தோம். வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது, எதிர்வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் இருப்பவர்களின் பெயர் என்ன, குடும்பத்தில் கிறிஸ்தவரல்லாத நெருங்கிய உறவினர் உண்டா, வாரநாட்களில் மாலையில் எங்கே இருப்பீர்கள் என்பவையே அக்கேள்விகள்.

திரும்பிவந்த தாள்கள் பழைய பதாகை சொன்னதையெல்லாம் ஒரே மாலையில் காலாவதியாக்கிவிட்டன. சபையாரில் பெரும்பாலோர் பூச்சோங், கிள்ளான், ரவாங், காஜாங், செமினி என்று பரந்து குடியிருக்கிறார்கள். தாத்தா காலத்தில் இரயில்வே குடியிருப்பிலிருந்து நடந்துவந்த குடும்பங்கள், அந்தக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, 2001இல் கேஎல் சென்ட்ரல் இரயில் நிலையம் திறக்கப்பட்டு, சுற்றுவட்டார நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபின், ஞாயிறுதோறும் நெடுஞ்சாலைக் கட்டணம் செலுத்திக் காரில் வருகின்றன. ஆராதனை முடிந்து, தேநீரும் பலகாரமும் முடிந்து, பிற்பகல் ஒரு மணிக்குள் எல்லாரும் போய்விடுகிறார்கள். ஆலயத்தைச் சுற்றி வாழ்கிறவர்களை எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு எங்கள் சபையைத் தெரியாது. ‘இந்நகரம்’ என்று பதாகையில் எழுதியிருந்தது எந்த நகரம் என்ற கேள்விக்குக் குழுவில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

எதிர்வீட்டார் பெயர் என்ற இடத்தில் பலர் கோடு போட்டிருந்தார்கள். சிலர் ‘சீனர் குடும்பம்’, ‘மலாய்க்காரர், போலீஸ் வேலை’ என்று எழுதியிருந்தார்கள். உறவினர் பற்றிய கேள்விக்கோ இடம் போதாமல் தாளின் பின்பக்கத்திலும் எழுதியிருந்தார்கள். மாமியார் இந்து, இரண்டு மைத்துனர்கள் இந்து, அக்காள் கணவர் ஐயப்ப பக்தர், சின்னம்மா வீட்டில் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் காவடி. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 2020இல் 9.1 விழுக்காடு என்றாலும், அவர்களில் பெரும்பாலோர் சபா, சரவாக்கில் வாழ்கிறார்கள். தீபகற்பத்தில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் என்பது, ஒன்றிரண்டு தலைமுறை பின்னோக்கிப் போனாலோ ஒரு திருமணம் பக்கவாட்டில் நகர்ந்தாலோ இந்துக் குடும்பமாகிவிடும். தீபாவளியன்று நாங்கள் அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறோம். கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் எங்கள் வீட்டில். இப்படிப்பட்ட இடத்தில் நற்செய்திப் பணி என்று எழுதினால், அது யாரைக் குறிக்கிறது என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

குழுவில் இருந்த ஓர் அக்கா எங்கள் முதல் வரைவை வீட்டுக்குக் கொண்டுபோய், இந்துவாகவே இருக்கும் தன் தம்பியிடம் வாசிக்கக் கொடுத்தார். அவர் அமைதியாக வாசித்துவிட்டு, “இதுல நான் எங்கக்கா இருக்கேன்? புடிக்க வேண்டிய ஆளாத்தானே இருக்கேன்” என்று கேட்டாராம். அக்கா அடுத்த கூட்டத்தில் அதை அப்படியே சொன்னார். அதன்பின் அந்த வரைவைத் தற்காத்துப் பேச ஒருவருக்கும் மனம் வரவில்லை.

சட்டத்தின் எல்லையையும் நாங்கள் எழுத்திலேயே குறித்துக்கொண்டோம். கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைக் கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை அளிக்கிறது. அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு, இஸ்லாத்தைப் பின்பற்றுவோரிடையே வேறு மதக் கோட்பாடுகளைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ சட்டம் இயற்ற இடம் தருகிறது. எங்கள் சபையாரில் பெரும்பாலோர் குடியிருக்கும் சிலாங்கூரில் 1988 முதல் அத்தகைய சட்டம் நடைமுறையில் உள்ளது. இதைப் பற்றி இளையவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்காமல், ‘யாரிடமும் போய்ச் சொல்’ என்று மேடையிலிருந்து உற்சாகப்படுத்துவது பொறுப்பற்ற செயல் என்பது என் கருத்து. சட்டத்துக்குப் பயந்து வாய்மூடியிருப்பதும் வேண்டாம். அதே 11ஆம் பிரிவு, ஒவ்வொரு மதக் குழுவும் தன் காரியங்களைத் தானே நிர்வகிக்கவும் அறப்பணி நிறுவனங்களை நடத்தவும் உரிமை தருகிறது. அந்த உரிமையைப் பல சபைகள் பாதிகூடப் பயன்படுத்துவதில்லை.

அறப்பணி என்றவுடன் அரிசி மூட்டைதான் எல்லாருடைய நினைவுக்கும் வருகிறது. இதைப் பற்றிக் குழுவில் காரசாரமாகவே பேசினோம். கொரோனா தொற்றால் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி ஆலயங்கள் மூடப்பட்டபோது, எங்கள் பழைய தரிசனத்தின் எந்த வரியும் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தரவில்லை. 2021 நடுப்பகுதியில், உதவி தேவைப்படுபவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம் என்னும் இயக்கம் பரவியபோதுதான், ஆலயத்துக்கு அருகிலிருந்த அடுக்குமாடிகளில் எத்தனை சன்னல்களில் துணி தொங்குகிறது என்பதைச் சபையார் கண்டார்கள். அப்போது எவரும் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருக்கவில்லை. வாலிபர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். மாதர் சங்கத்தார் பொட்டலம் கட்டினார்கள். வேன் வைத்திருந்தவர் ஓட்டினார். மலாய்க்காரர் வீட்டுக்கும் போனது, சீனர் வீட்டுக்கும் போனது. பொட்டலத்துக்குள் கைப்பிரதி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டபோது, அப்போதைய போதகர் ஐயா வேண்டாமென்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். பசியில் இருப்பவனிடம் எதையும் மறுக்கும் சுதந்தரம் இருப்பதில்லை. அந்த நேரத்தில் அவன் தலையசைப்பதை விசுவாசம் என்று கணக்கெழுதினால் அது தேவனுக்கும் அவமதிப்பு, அவனுக்கும் அவமதிப்பு. அந்தக் காலத்தில் அறிமுகமான சில குடும்பங்களோடு இன்னும் போக்குவரத்து இருக்கிறது. அவர்களில் ஒரு வீட்டுப் பாட்டிக்கு இன்னமும், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டைதான். பிறந்தது இந்நாட்டில், குடியுரிமைக்கான பத்திரங்கள் மட்டும் இல்லை. தேசியப் பதிவு இலாகாவுக்கு அவரோடு போய், வரிசையில் எண் எடுத்து, படிவத்தை மலாயில் நிரப்பிக்கொடுக்க ஒருவர் வேண்டும். உபதேசியார் லயத்து வாசலில் கடிதம் எழுதிக்கொடுத்த அதே வேலைதான் இது. சபைக்கு ஒரு கணக்காளரும் இரண்டு வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற எத்தனையோ அரசு ஊழியர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் காணிக்கைப் பையைத்தான் இதுவரை நீட்டியிருக்கிறோம்.

இரண்டாவது வரைவு இப்படி உருவாயிற்று: வேதத்தை வீட்டில் வாசிப்போம், அக்கம்பக்கத்தாரைப் பெயர் சொல்லி அறிவோம், கேட்கிறவர்களுக்கு எங்கள் நம்பிக்கையின் காரணத்தைச் சாந்தமாகச் சொல்வோம். மூன்றாவது வாக்கியம், நம்பிக்கையைக் குறித்து விசாரிப்பவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்னும் 1 பேதுரு 3:15ஐத் தழுவியது. எனக்கு நிறைவாகவே இருந்தது. சபையாரின் பொதுக்கூட்டத்தில் வாசித்தபோது, முன்வரிசையில் எப்போதும் உட்காரும் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். “கேக்கிறவங்களுக்கு மட்டும்னா, எங்க தாத்தாவுக்கு ஆண்டவரத் தெரிஞ்சிருக்காது தம்பி. உபதேசியார யாரும் கூப்பிடல, அவராத்தான் வந்தாரு.” மண்டபம் முழுவதும் ஆமோதிப்பு எழுந்தது. அவர் சொன்னது நியாயம்தான். கேட்கும்வரை சொல்லாதிருப்பது பணிவைப்போலத் தோன்றினாலும், பல நேரங்களில் அது கூச்சத்துக்கு நாம் சூட்டிக்கொள்ளும் நல்ல பெயராகவே இருக்கிறது. இயேசுவைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லாத சபைக்கு, இலவசக் கல்வி வகுப்பு நடத்துவதற்கு ஆலயம் எதற்கு என்று வாலிபர் ஒருவர் கேட்டதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆனால் அந்தப் பெரியவரிடமே உபதேசியாரைப் பற்றி மேலும் கேட்டபோது வேறொன்று வெளிப்பட்டது. உபதேசியார் அதே தோட்டத்துக்கு ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தார். தாத்தா ஞானஸ்நானம் பெற்றது அவர் வரத் தொடங்கி நெடுங்காலம் கழித்து. பெறாதவர்களின் வீட்டுக்கும் அவர் வருவதை நிறுத்தவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அசரியாவின் நினைவு வந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1903இல் திருநெல்வேலியின் இந்திய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகி, பின்னர் 1912இல் தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயரான வே. சா. அசரியா, 1910ஆம் ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளின் முகத்துக்கு நேரே பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருள்களைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களையே கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அவர் உரையின் சாரம். நற்செய்தியைப் பெற்றவர் ஒருவர், அதைக் கொண்டுவந்தவர்களிடம் வைத்த முறையீடு அது. அன்று நாம் பெறுகிற இடத்தில் நின்றோம். இன்று கொடுக்கிற இடத்தில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த அக்காவின் தம்பி கேட்ட கேள்வியில் அதே முறையீடு எனக்குக் கேட்டது. கடைசியில் மூன்றாவது வாக்கியத்தைத் திருத்தினோம்: எங்கள் நம்பிக்கையின் காரணத்தைச் சாந்தமாகச் சொல்வோம், சொன்னபின் விலகிப்போகமாட்டோம். இரண்டாம் பகுதியைச் சேர்க்கச் சொன்னவர் அந்தப் பெரியவர்தான்.

முதல் வாக்கியம் எளிதாக நிறைவேறிவிடும் என்று நினைத்தோம். அதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. வீட்டில் வேதம் வாசிப்பதென்றால் எந்த மொழியில்? தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் ஐநூறுக்கும் மேல் இருந்தாலும், எங்கள் சபையின் பிள்ளைகளில் பாதிக்குமேல் தேசியப் பள்ளிகளிலோ தனியார் பள்ளிகளிலோ படிக்கிறார்கள். பாட்டுக்குத் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடுகிறது. அதைப் பார்த்துப் பாடுகிறவன் தானாகச் சங்கீதத்தைத் திறந்து வாசிக்க மாட்டான். மேல்நிலைப் படிப்புக்குப் போனதும் ஆங்கிலப் பெருஞ்சபைகளுக்குப் போய்விடுகிறான். அவற்றைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அங்கே அவன் விசுவாசத்தில் நிலைத்திருந்தால் நல்லதுதான். எனினும் பதினாறாவது மாடியில் இருக்கும் தமிழ்ப் பாட்டியிடம் அங்கிருந்து யாரும் வரப்போவதில்லை. ஆகவே ஞாயிறு பள்ளியில் தமிழ் எழுத்துப் பயிற்சியைச் சேர்க்கவேண்டும் என்று ஒரு சாராரும், பிள்ளைகளைத் தமிழுக்காக வதைத்து ஆண்டவரிடமிருந்து துரத்தாதீர்கள் என்று மறுசாராரும் வாதிட்டார்கள். இரண்டு பக்கத்திலும் பெற்றோரே இருந்தார்கள். இப்போதைக்கு, பெரியவர் ஒருவர் தமிழில் வாசிக்க, பிள்ளை அதே பகுதியை ஆங்கிலத்திலோ மலாயிலோ வாசிக்க, பிறகு வீட்டார் தமிழில் பேசுவது என்ற ஏற்பாட்டைச் சில குடும்பங்கள் செய்துவருகின்றன. மொழி கலந்த அந்த உரையாடலில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள், ஞாயிறு பள்ளியில் அவர்கள் ஒருபோதும் கேட்காதவை என்று ஒரு தகப்பன் சொன்னார். துன்மார்க்கன் வாழ்வது ஏன், ஐயப்ப பக்தரான பெரியப்பா எங்கே போவார் போன்ற கேள்விகள் அவை. விசுவாசத்தில் வேரூன்றுவதும் வெளியே போவதும் தனித்தனி இலாகாக்கள் அல்ல என்பது, அந்த இரண்டாவது கேள்விக்குத் தன் பிள்ளையிடம் பதில் தேடும் தகப்பனுக்குத்தான் நன்றாகப் புரியும்.

எழுதியதைக் காப்பாற்றுவது எழுதுவதைவிடக் கடினம். போதகர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிப்போகும் அமைப்பு எங்களுடையது. போதகர் மாறினால் தரிசனமும் மாறும் என்பது எழுதப்படாத விதியாகவே இருந்துவந்திருக்கிறது. புதியவர் தன் முத்திரையைப் பதிக்க விரும்புவதும், சபையார் ஒன்றும் செய்யாமலிருக்க அதையே சாக்காகக் கொள்வதும் சேர்ந்து நடக்கும். அதனால் வாசகத்தின் கீழே போதகரின் பெயரை அச்சிடவேண்டாம் என்று போதகர் ஐயாவே கேட்டுக்கொண்டார். பொறுப்புகளைச் சபையார் ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்று தீர்மானித்தோம். ஒப்புவிக்கவேண்டியது தலை எண்ணிக்கை அல்ல என்பதையும் எழுதிவைத்தோம், ஏனென்றால் எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கையைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

சபையின் உண்மையான தரிசனத்தை அறிய விரும்புகிறவர் பதாகையை விட்டுவிட்டு வரவுசெலவுப் புத்தகத்தை வாசிக்கவேண்டும். எங்கள் புத்தகத்தில் ஒலிபெருக்கிக்கும் குளிர்சாதனத்துக்கும் பராமரிப்புக்கும் தனித்தனித் தலைப்புகள் உண்டு. நற்செய்திப் பணி என்ற தலைப்பின் கீழ் இருந்தது பெரும்பாலும் கிறிஸ்துமஸ் கீதபவனிக்கான சிற்றுண்டிச் செலவு. இதைச் சுட்டிக்காட்டியதில் பொருளாளருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம். அவரும் தன் நிலையிலிருந்து நியாயமானதையே பேசுகிறார்.

இப்போது முன்னால் இருக்கும் விவகாரம் இதுதான். ஆலயத்தைச் சுற்றியுள்ள உணவகங்களிலும் முடிதிருத்தகங்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த வாலிபர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் உண்டு. ஞாயிறு விடுப்பு கிடையாது, கடைக்கு அன்றுதான் கூட்டம். செவ்வாய் இரவு கடை மூடியபின் ஒரு மணி நேரம் ஆலயக் கூடத்தைத் திறந்துவைக்கிறோம். ஜெபம், ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, ஊருக்குப் பணம் அனுப்புவதிலும் வேலை அனுமதிச்சீட்டிலும் உள்ள தொல்லைகளைப் பற்றிய பேச்சு, சூடான தேநீர். இந்து நண்பர்களும் உடன் வருவதுண்டு. தங்குமிடங்களில் இஸ்லாமியத் தமிழர்களும் இருக்கிறார்கள். அவர்களுடன் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம், வழிபாட்டுக்கு அழைப்பதில்லை. இதுவரை ஓரிரு குடும்பங்கள் தங்கள் கைப்பணத்தில் நடத்தியதை, சபையின் வரவுசெலவில் நிரந்தரத் தலைப்பாகச் சேர்க்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறோம். அந்த வாலிபர்கள் காணிக்கை கொடுக்கமாட்டார்கள், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள், உறுப்பினர் பட்டியலில் ஒருபோதும் சேரமாட்டார்கள் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். அத்தனையும் உண்மை. மழைக்காலத்தில் ஆலயத்தின் கூரை ஒழுகுவதும் உண்மை. வாக்கெடுப்பு வருடாந்திரக் கூட்டத்தில் நடக்கும். அதற்கு முன் எதிர்ப்பவர்கள் ஏதேனும் ஒரு செவ்வாய் இரவு வந்து பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பொருளாளர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், தேநீருக்கு யார் கணக்கு என்ற கேள்வியோடு.